முழங்காலை மூன்று முறை எடுத்தாயிற்று, இடுப்பை?

பந்தலூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "தம்பிக்கு வயது 19. எட்டு மாதமாக வலது முழங்காலில் வலி. ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். மூன்று தடவை முழங்கால் எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ரத்தமும் பார்த்தாயிற்று, எல்லாம் நார்மல் என்கிறார்கள். ஒரு டாக்டர் 'காலேஜுக்குப் போகப் பிடிக்கலையா தம்பி' என்றே கேட்டுவிட்டார். கடன் வாங்கியாவது கோயம்புத்தூர் கூட்டிப்போய் முழு உடம்பு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாமா? ஸ்கேனிலும் தெரியாத நோய் என்று ஒன்று உண்டா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உண்டு, நிறையவே உண்டு. ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் அதற்கும் முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மூன்று தடவையும் முழங்காலைத்தான் எடுத்திருக்கிறார்கள். இடுப்பு மூட்டை ஒரு தடவையாவது எடுத்தார்களா?

குன்னூரில் உட்கார்ந்து எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு ரிப்போர்ட் எழுதுவது இருபது வருடத்துக்கு மேலாக என் தொழில். ஆளைத் தொட்டுப் பார்க்காமல், படத்தையும் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். எந்தப் படம் இன்னும் எடுக்கப்படவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்புகளில் சிலவற்றின் கிளைகள் முழங்காலுக்கும் போகின்றன. அதனால் மேலே இருக்கிற கோளாறு கீழே வலிக்கும். சில பேருக்கு இடுப்பில் வலியே இருக்காது, முழங்காலில் மட்டும் இருக்கும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு, பத்திலிருந்து பதினாறு வயதுக்குள், தொடை எலும்பின் தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து மெல்ல நழுவுகிற ஒரு நோய் உண்டு. பள்ளிக்கூடத்தில் விழுந்திருப்பான், முழங்கால் வலிக்கிறது என்பான், முழங்காலை எடுப்போம், நார்மல். இடுப்பை எடுத்தாலும், நேராகப் படுக்கவைத்து முன்பக்கமாக ஒரே ஒரு படம் எடுத்தால் நழுவியது கண்ணில் படாமல் போகலாம். இரண்டு காலையும் தவளை மாதிரி மடக்கி விரித்து இன்னொரு படம் எடுத்தால் அதே நழுவல் பளிச்சென்று தெரியும். அதே மெஷின்தான், கோணம் மட்டும்தான் வேறு. உங்கள் தம்பிக்கு வயது தாண்டிவிட்டது, இந்த நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. முழங்கால் வலி என்றதும் முழங்காலை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்று காட்டவே இதைச் சொன்னேன்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். தம்பியை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது தொடையைத் தூக்கி, முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். முழங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டு பாதத்தை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்துங்கள். அப்போது இடுப்பு மூட்டு உள்நோக்கிச் சுழலும். இடது காலிலும் அதேபோல் செய்து ஒப்பிடுங்கள். இடது கால் எளிதாகப் போகிற தூரத்துக்கு வலது கால் போகாமல் முட்டிக்கொண்டாலோ, தொடை இடுக்கில் சுருக்கென்று வலித்தாலோ, மேலே பார்க்க வேண்டும் என்று அர்த்தம். பலம் போட வேண்டாம். இது டாக்டர் மேசையில் அரை நிமிட வேலை. ஆனால் ஓ.பி.யில் நூற்றைம்பது பேர் நிற்கிற நாளில் அந்த அரை நிமிடம் கிடைப்பதில்லை. அவர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், நானும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தவன்.

இன்னொரு சிக்கல் நம் பேச்சில் இருக்கிறது. 'மூட்டு வலி' என்றால் நம் ஊரில் முழங்கால்தான். 'இடுப்பு வலி' என்றால் கைலி கட்டுகிற இடத்துக்குப் பின்னால், முதுகின் அடிப்பகுதி. மருத்துவர் சொல்கிற இடுப்பு மூட்டு வேறு, அது தொடை இடுக்குக்கு நேர் உள்ளே, ஆழத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பேச்சில் சரியான பெயரே இல்லை. ஒருவர் "இடுப்பு வலிக்குது" என்பார், படம் எடுக்க டாக்டர் எழுதித் தரும் சீட்டில் 'அடிமுதுகு வலி' என்று போகும், முதுகெலும்பை எடுப்போம், டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை, கொஞ்சம் புடைத்திருக்கிறது என்று எழுதுவோம், அவரும் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் திரிவார். வாயால் சொல்வதைவிட ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவது நல்லது.

சரி, இடுப்பு மூட்டிலேயே கோளாறு என்று வைத்துக்கொள்வோம். 19 வயதில் என்னவெல்லாம் ஒளிந்திருக்கலாம்?

நம் மலையில் இருக்கிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது, தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அந்த எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போவது. அந்தத் தலை ஒரு பந்து மாதிரி இருக்கும். அந்தப் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மெல்லியவை, மாற்றுப் பாதையும் அதிகம் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரை அதிகம் எடுத்தவர்களுக்கும் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கும் இது வரும். சிக்கிள் செல் நோய் இருக்கிறவர்களுக்கு இள வயதிலேயே வரும். ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து சின்னக் குழாய்களில் அடைத்துக்கொள்கிறது. குளிர், உடம்பில் நீர் வற்றுவது, காய்ச்சல் எல்லாம் அதைத் தூண்டும். இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் பதிவான இடங்களில் ஒன்று நம் நீலகிரிதான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினார்கள். அதற்குப் பல வருடம் கழித்துத்தான் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, கோத்தகிரி நாவா போன்ற அமைப்புகள் ஊர் ஊராகப் போய் ரத்தம் பார்க்க ஆரம்பித்தன. மத்திய அரசின் சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் வந்தது 2023 ஜூலையில். நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்றீர்கள், அதில் சிக்கிள் செல் பரிசோதனை இருந்ததா என்று மட்டும் பாருங்கள். வழக்கமான ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை அதற்குப் போதாது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

இந்த எலும்புச் சாவு எக்ஸ்ரேயை எப்படி ஏமாற்றும் என்று சொல்கிறேன். எக்ஸ்ரேயில் நமக்குத் தெரிவது எலும்பின் சுண்ணாம்புதான். எலும்பு செத்தாலும் சுண்ணாம்பு உடனே எங்கும் போய்விடுவதில்லை. ஆள் போன வீட்டுச் சுவர் மாதிரி அப்படியே நிற்கும். மாதக்கணக்கில் எக்ஸ்ரே நார்மல் என்றே வரும். அப்புறம் ஒரு நாள் பந்தின் மேல்விளிம்புக்குக் கீழே பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். உள்ளே எலும்பு நொறுங்கி, மேலோடு தனியாகப் பிரிந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு பந்து தட்டையாகும். எம்.ஆர்.ஐ. பார்ப்பது சுண்ணாம்பை அல்ல, மஜ்ஜையில் இருக்கிற நீரையும் கொழுப்பையும். அதனால் செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவில் இருக்கிற எல்லை, எக்ஸ்ரே நார்மலாக இருக்கும்போதே கோடு போட்ட மாதிரி தெரிந்துவிடும். சில படங்களில் அந்தக் கோடு இரட்டையாக, ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பாக, அடுத்தடுத்து ஓடும். அப்படி ஓடினால் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பந்தைக் காப்பாற்றிப் பார்க்கலாம். பந்து நசுங்கிய பிறகு தெரிந்தால் பெரும்பாலும் செயற்கை மூட்டில்தான் போய் நிற்கும், அதுவும் இருபது சொச்சம் வயதில்.

ஒரு பக்கம் வந்தால் மறுபக்கமும் வர வாய்ப்பு அதிகம். அதனால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது வலிக்கிற பக்கத்தை மட்டும் எடுக்காமல் இரண்டு இடுப்பு மூட்டையும் ஒரே படத்தில் கேட்க வேண்டும்.

ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி என்னை இன்னொரு பக்கம் யோசிக்க வைக்கிறது. சாதாரண வலி மாத்திரை ஒன்று போட்டால் அரை மணி, ஒரு மணியில் வலி சுத்தமாகப் போய்விடுகிறதா? மறுநாள் ராத்திரி அதே நேரத்துக்குத் திரும்ப வருகிறதா? பத்திலிருந்து முப்பது வயதுக்குள், பெரும்பாலும் ஆண்களுக்கு, எலும்புக்குள் ஒரு சிறு கட்டி வரும். புற்றுநோய் அல்ல, பரவாது. அதன் கரு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான், ஒரு சுண்டல் கடலை அளவு. அது கொடுக்கிற வலியோ தூங்க விடாது. தொடை எலும்பின் கழுத்தில் உட்கார்ந்தால் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். வேடிக்கை என்னவென்றால், எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் குழம்பலாம். கட்டியைச் சுற்றி மஜ்ஜை முழுக்க நீர் கோத்துக் கிடப்பதுதான் பெரிதாகத் தெரியும், கரு அதில் மறைந்துவிடும். கிருமித் தொற்று என்றோ பெரிய கட்டி என்றோ ரிப்போர்ட் வந்து வீடே கலங்கிப்போகும். இதற்குச் சரியானது அந்த இடத்தை மட்டும் மெல்லிய துண்டு துண்டாக எடுக்கிற சி.டி. ஸ்கேன். விலை அதிகமான மெஷின்தான் எல்லாவற்றுக்கும் சிறந்தது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்கிற உதாரணம் இதுதான். கண்டுபிடித்துவிட்டால், சி.டி. பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி, கருவைச் சூட்டால் பொசுக்கிவிடுவார்கள்.

மூன்றாவது, காலையில் எழுந்ததும் முதுகும் பின்புறமும் அரை மணிக்கு மேல் இறுகிக் கிடக்கிறதா, நடமாடினால் இளகுகிறதா என்று கேளுங்கள். இளைஞர்களுக்கு வரும் முதுகெலும்பு வாத நோயில் முதலில் வீங்குவது முதுகெலும்பின் அடியில் இருக்கிற சாக்ரோ இலியாக் மூட்டு. எக்ஸ்ரேயில் மாற்றம் வர வருடங்கள் ஆகும். எம்.ஆர்.ஐ.யில் முன்பே தெரியும், ஆனால் அந்த மூட்டைக் குறிப்பிட்டு எடுத்தால்தான். வழக்கமான முதுகு எம்.ஆர்.ஐ. டிஸ்க்கைப் பார்ப்பதற்கானது, இந்த மூட்டு அதில் ஓரத்தில் அரைகுறையாக விழும். "எம்.ஆர்.ஐ.யும் எடுத்தாச்சு சார், ஒன்றுமில்லை" என்று வருபவர்களில் எத்தனையோ பேருக்குத் தவறான இடத்தின் எம்.ஆர்.ஐ.தான் கையில் இருக்கும்.

காசநோயையும் விட்டுவிடக் கூடாது. இடுப்பு மூட்டிலும் வரும், முதுகெலும்பிலும் வரும். எலும்பில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும் என்பது எங்கள் கணக்கு. சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, பிறகு ஏன் தவறவிடுகிறோம்? நான் தவறவிட்ட ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தேயிலை பறிக்கிற ஒரு அம்மா, நாற்பது வயது இருக்கும். எனக்கு வந்த சீட்டில் இருந்தது 'பெல்விஸ், வலி' என்ற இரண்டு சொல். பெல்விஸ் என்றால் இடுப்பெலும்பு. ஃபிலிமை லைட் பாக்ஸில் மாட்டினேன், எலும்பு முறிவு இல்லை, தேய்மானம் இல்லை, நார்மல் என்று எழுதி அடுத்ததை எடுத்தேன். நான்கு மாதம் கழித்து அதே பெயரில் இன்னொரு படம் வந்தது. இந்தத் தடவை தொடை எலும்பின் கழுத்தில் குறுக்கே ஒரு முறிவு. விழுந்தாரா என்று கேட்டால், இல்லை. பழைய ஃபிலிமைத் தேடி எடுத்துப் பக்கத்தில் மாட்டினேன்.

கழுத்தின் உள்வளைவில், தேங்காய் ஓட்டில் நகத்தால் கீறிய மாதிரி, அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. விளிம்பு லேசாக வெளுத்திருந்தது. அது அன்றைக்கே இருந்திருக்கிறது. மறுபக்கம் கண்ணைக் கொண்டுபோனேன். அதே இடத்தில், இன்னும் மங்கலாக, இன்னொரு கோடு. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கோடு இருந்தால் அது அடிபட்ட முறிவு அல்ல. வைட்டமின் டி இல்லாமல் எலும்பு மெழுகாகிப் போனதன் அடையாளம். லூசர் கோடு என்று சொல்வோம். அதைக் கண்டு எழுதிய சுவிட்சர்லாந்து மருத்துவரின் பெயர் அது, நம் ஊர் லூசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்து பேசினேன். ஒன்றரை வருடமாக உடம்பெல்லாம் வலி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழ முடிகிறது. லைன் வீட்டுப் படி ஏறச் சுவரைப் பிடிக்க வேண்டும். நடை வாத்து மாதிரி ஆடுகிறது என்று பேரன் கேலி செய்கிறானாம். மாதக்கணக்கில் மூட்டம், தலையை மூடிய துண்டு, முழுக்கை ஸ்வெட்டர், மேலே பிளாஸ்டிக் தாள். வெட்டவெளியில் நாளெல்லாம் நிற்கிற ஆளுக்கு வெயில் படவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். சாப்பாட்டிலும் பால், முட்டை எதுவும் இல்லை. இதில் ஒரு வரி, 'தரையிலிருந்து எழ முடியவில்லை' என்ற ஒரு வரி சீட்டில் இருந்திருந்தால், என் கண் நேராக அந்த உள்வளைவுக்குப் போயிருக்கும். சீட்டு மொட்டையாக வந்தது உண்மை. மொட்டைச் சீட்டு என்று தெரிந்தும் ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காதது என் தவறு. ஒரு எலும்பில் ஆணி வைத்தார்கள். இன்னொரு பக்கத்துக் கோடு வைட்டமின் டி, கால்சியம் கொடுத்துச் சில மாதத்தில் தானாகவே ஆறிவிட்டது. முதல் படத்திலேயே கண்டிருந்தால் இரண்டுமே அப்படி ஆறியிருக்கும்.

கண் இருந்தும் காணாதது எனக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் டிரூ, வோ, வுல்ஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 24 கதிரியல் மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து, அதில் சின்னச் சின்னக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகி வைத்திருந்தார்கள். தேடுகிற கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா. 20 பேர் பார்க்கவில்லை. அவர்கள் கண் எங்கெங்கே போனது என்று பதிவு செய்த கருவியைப் பார்த்தால், பலருடைய கண் கொரில்லாவின் மேலேயே நின்றிருக்கிறது. கட்டியைத் தேடினார்கள், கொரில்லாவைத் தேடவில்லை. எதைத் தேடச் சொல்லி அனுப்புகிறோமோ அதைத்தான் படம் பார்க்கிறவர் தேடுவார். அதனால்தான் நான் மெஷினைவிடச் சீட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறேன்.

படம் எடுக்கிற நாளும் ஒரு காரணம். மழைக்காலத்தில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஒரு சின்ன எலும்பு விரிசல் விட்டிருக்கும், அன்றைய எக்ஸ்ரேயில் தெரியாது. அங்கே அமுக்கினால் வலிக்கிறது என்றால் கட்டுப் போட்டுவிட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். முதல் நாள் 'நார்மல்' என்பது அந்த நாளுக்கு மட்டும்தான்.

படத்தில் தெளிவாகத் தெரிந்தும் அர்த்தம் தவறிப்போவது வேறு வகை. திடீரென்று ஒரு வலிப்பு, சி.டி.யில் மூளையில் ஒரு சின்ன வளையம். ஒரு காலத்தில் நம் நாட்டில் இப்படி வந்தவர்களில் ஏராளமானோருக்கு மூளைக் காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். பல வளையங்கள் மறைந்தன, மாத்திரையால்தான் மறைந்தது என்று நம்பினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் ராஜசேகர், சாண்டி முதலான நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்பருவப் பை, தானாகவே சுருங்கி மறையக்கூடியது என்று காட்டினார்கள். 1993-ல் இரண்டையும் பிரித்தறிய அவர்கள் வெளியிட்ட அளவுகோல் எளிமையானது. வளையம் 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, விளிம்பு ஒழுங்காக இருக்கிறதா, மூளையை ஒரு பக்கமாகத் தள்ளாமல் இருக்கிறதா, நோயாளிக்கு நரம்புக் கோளாறு வளர்ந்துகொண்டே போகாமல் இருக்கிறதா. படத்தை மட்டும் பாராமல் ஆளையும் சேர்த்துப் பார்க்கிற அளவுகோல் அது. வளையத்துக்குள் ஓரமாக ஒரு புள்ளி தெரிந்தால் அது புழுவின் தலை, அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கு இது எப்படி என்று கேட்பார்கள். கறியால் வருவது குடலில் வளரும் புழு. மூளைக்குப் போவது புழு வைத்திருக்கிற மனிதனின் மலத்தில் வெளியாகும் முட்டை. அது தண்ணீரில், காய்கறியில் ஒட்டி வரும், சுத்த சைவத்துக்கும் வரும். கேத்தி பக்கம் தோட்டத்திலிருந்து பிடுங்கிய கேரட்டை வேட்டியில் துடைத்துவிட்டுக் கடிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. இப்போது கழுவித்தான்.

இனி நீங்கள் கேட்ட முழு உடம்பு எம்.ஆர்.ஐ. விஷயம். அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தலை முதல் கால் வரை ஒரே மூச்சில் எடுக்கும்போது ஒவ்வொரு இடத்துக்கும் கிடைக்கிற துல்லியம் குறையும், சுண்டல் அளவுக் கட்டி அதில் நழுவிவிடலாம். மாறாக, தேடாததெல்லாம் கிடைக்கும். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருந்தது, எண்பது வயதில் 84 சதவீதம். உங்கள் தம்பிக்கும் ஒரு டிஸ்க் புடைப்பு கிடைத்துவிட்டால், எல்லோரும் 'அதோ கிடைத்தது காரணம்' என்று நிம்மதியாகி, இடுப்பை மறந்துவிடுவார்கள். ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது எங்கள் தொழிலின் பழைய வியாதி.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். முதலில் எலும்பு மருத்துவரிடம் இடுப்பை அசைத்துப் பார்க்கச் சொல்வேன். இரண்டு இடுப்பும் சேர்ந்த எக்ஸ்ரே, நேராக ஒன்று, தவளைக் கால் நிலையில் ஒன்று. இது உங்கள் பக்கத்திலேயே எடுக்கலாம். கூடவே சிக்கிள் செல் பரிசோதனை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள். வயிற்று அல்ட்ராசவுண்டு ஏற்கெனவே எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். இள வயதில் பித்தப்பையில் கல் என்று இருந்தால் அதுவே சிக்கிள் செல்லுக்கு ஒரு துப்பு. மண்ணீரல் சுருங்கிக் காணாமல் போயிருந்தாலும் துப்புதான், நம் நாட்டு நோயாளிகளில் பலருக்கு அது வளர்ந்த பிறகும் பெருத்தே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே நார்மல் என்று வந்து, இடுப்பை அசைத்தால் வலிக்கிறது என்றால், அங்கேயே நிறுத்தக் கூடாது. இரண்டு இடுப்பு மூட்டுக்கும் எம்.ஆர்.ஐ. மாத்திரைக்கு உடனே அடங்குகிற ராத்திரி வலி என்றால், எம்.ஆர்.ஐ.யோடு நிற்காமல் வலிக்கிற இடத்துக்கு மட்டும் மெல்லிய சி.டி. பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. சி.டி.யில் உண்டு. இயற்கையிலிருந்தே ஒருவர் மேல் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு படுகிறது என்பது உலக சராசரி, இடுப்புப் பகுதி முழுவதையும் சி.டி. எடுத்தால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. காரணம் இருந்தால் எடுக்கத் தயங்க வேண்டியதில்லை, காரணம் இல்லாமல் எடுக்கக் கூடாது. சின்னப் பையன், அதுவும் எடுப்பது இடுப்பை.

எங்கே எடுப்பது என்பதற்கு, ஊட்டியில் 700 படுக்கையோடு 2025 ஏப்ரலில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். கூடலூரிலிருந்து ஏறுவதற்கு முன் போன் செய்து மெஷின் ஓடுகிறதா, எந்த நாள் வரச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கீழே இறங்கினாலும் பத்தேரி, கோழிக்கோடு பக்கம் போனாலும், நான் சொன்ன படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

சீட்டு எழுதும்போது டாக்டரிடம் ஒரு வரி சேர்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்: 'வயது 19, எட்டு மாதமாக முழங்கால் வலி, ராத்திரியில் அதிகம், மூன்று முழங்கால் எக்ஸ்ரே நார்மல், இடுப்பைச் சுழற்றினால் வலி, எலும்புத் தலை சாவு அல்லது சிறு எலும்புக் கட்டி சந்தேகம்.' அவர் எழுதாவிட்டால் நீங்களே தமிழில் ஒரு தாளில் எழுதிச் சீட்டோடு குத்திவிடுங்கள். நான் படிப்பேன், என்னைப்போல் உட்கார்ந்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் படிப்பார்கள். ரிப்போர்ட் எழுதுகிறவரை நேரில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

படம் எடுக்கப் போகும்போது தம்பி அரைஞாணில் தாயத்து கட்டியிருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள், வெள்ளிக்கொடியும் அப்படியே. வெறும் கயிறு பரவாயில்லை. எக்ஸ்ரேயில் தாயத்தின் நிழல் பார்க்க வேண்டிய எலும்பின் மேலேயே விழுந்து நாங்கள் படும் பாடு சொல்லி முடியாது. எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகமே போகக் கூடாது. உடம்பில் முன்பு வைத்த பிளேட், ஸ்க்ரூ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். உள்ளே சத்தம் காதைப் பிளக்கும், அரை மணி அசையாமல் படுக்க வேண்டும். வலியோடு படுப்பது கஷ்டம், அதனால் போகும் முன் மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பழைய படங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், அதில் இருப்பது என்னைப்போல் ஒருவர் அன்று கண்டதும் காணாததும். ஃபிலிமையும், படம் பதிந்து கொடுத்த கம்ப்யூட்டர் தட்டு இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள், மூன்று முழங்கால் எக்ஸ்ரேயும் சேர்த்து. முழங்கால் படத்தின் மேல் ஓரத்தில் தொடை எலும்பு கொஞ்சம் வந்திருக்கும், அங்கே ஏதாவது இருக்கிறதா என்று யாராவது ஒருவர் மறுபடி பார்க்கட்டும். ஃபிலிமை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். இப்போது அங்கே மழை விடாமல் பெய்யும், நனைந்த ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் உரிக்கும்போது படமே கையோடு வந்துவிடும்.